சீசன் ரூமுக்குள் ஒரு கோடு

ஜூன் 8, ஞாயிறு

மேலகரத்தில் மனை வாங்கியபோது ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டோம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போய்விடுவார்களா? அதுவும் எங்கள் சொந்தக்காரர்கள்?

இன்று இன்ஜினியர் விஜயசங்கர் முதல் பிளானைக் கொண்டுவந்தார். ஹால், அடுப்படி, அத்தைக்கு ஒரு அறை, எங்களுக்கு ஒன்று, மகள் சுகந்திக்கு ஒன்று. மேற்கு ஓரத்தில் பத்துக்கு ஒன்பதில் ஒரு சின்ன அறை, அதற்குள் 'ஸ்டடி' என்று எழுதியிருந்தது. நான் கேட்டு வாங்கிய அறை. ஜன்னலைத் திறந்தால் மலை.

அது எதற்கு என்று அவர் கேட்டார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் பாண்டிராஜ், போலீஸில் ஏட்டு. வீட்டிலும் ஏட்டுதான், எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். பரீட்சைப் பேப்பர் திருத்த என்று சொன்னேன். பொய். பதினாறு வருடமாகக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் பேப்பர் திருத்துகிறேன், இனியும் திருத்துவேன். அந்த அறையில் ஒன்றுமே செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். இதை ஒரு ஏட்டிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 9

பிளானைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு அத்தை, அதாவது என் மாமியார், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சீசனுக்கு வருதவங்க எங்கன படுப்பாவ?"

போச்சு.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீருக்குப் பின்னாலேயே மதுரையிலிருந்து ஆனந்தவள்ளி மதினியும் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருடைய அக்காளாக இருப்பதை ஒரு பதவி மாதிரி வைத்திருப்பவர். ஒரு வேன் ஆட்கள். இந்த வாடகை வீட்டில் நாற்காலிக்கு ஒரு ஈரத்துண்டு, சுவருக்கு ஒரு எண்ணெய்த் தலை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இரண்டு பேர் தூங்கினார்கள். வடை சுட்டுச் சுட்டு என் கை ஓய்ந்துவிட்டது.

வடைத் தட்டை நடுவில் வைத்து, பிளானை விரித்து, மாநாடு நடந்தது. சீசன் ரூம் என்று தனியாக ஒன்று வேண்டுமாம். ஈரத்தோடு ஹாலுக்குள் வராமல் இருக்க அதற்கு வெளியிலிருந்தே ஒரு வாசல் வேண்டுமாம். குளியலறையும் வேண்டும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எதற்குக் குளியலறை என்று கேட்டேன். அருவியில் குளித்த பிறகு வீட்டில் ஒரு குளி குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்குமாம். விஜயசங்கர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவருக்கும் நான்கு வடை.

ஜூலை 6, ஞாயிறு

நான்காவது பிளான். வீட்டிலேயே பெரிய அறை சீசன் ரூம்தான். வருடத்தில் இரண்டு மாதம் ஆட்கள் படுப்பார்கள், பத்து மாதம் பல்லி படுக்கும். என் அறை எட்டுக்கு ஆறாகிவிட்டது. பெயரும் மாறிவிட்டது: 'ஸ்டடி / ஸ்டோர்'. அந்தச் சாய்வுக்கோட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

ஜூலை 7

கோபப்படுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 8

முடியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் பிளானை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். இன்றைய பிளானில் சாய்வுக்கோட்டுக்கு முன்னால் இருந்ததைக் காணோம். வெறும் 'ஸ்டோர்'. அரிசி மூட்டைக்கு மலை தெரிகிற ஜன்னல் எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

சாப்பிடும்போது அவரிடம் நேராகவே கேட்டேன். எனக்கு என்று ஒரு அறை வேண்டும். காரணம் கிடையாது. வேண்டும், அவ்வளவுதான்.

"வீடே உன்னுதுதான? தனியா ரூம் என்னத்துக்கு?" என்றார். நிஜமான அன்போடுதான் கேட்டார். அதுதான் சண்டை போடவும் விடவில்லை. வீடே என்னுடையது என்றால் வீடு முழுக்க நான் பெருக்க வேண்டும் என்று அர்த்தம். அது உனக்கு எங்கேய்யா புரியப் போகுது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்பதாவது பிளான், இதுதான் கடைசி என்கிறார்கள். ஸ்டோரும் போய்விட்டது. சீசன் ரூமுக்கு இரண்டாவது குளியலறை அங்கே வருகிறது. மதினி போனில் சொன்னாராம், காலையில் ஒன்று பத்தாது என்று.

என் அறை கழிவறை ஆகிவிட்டது. சிரிப்பும் வருகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வாஸ்து நாள். பூமி பூஜை நல்லபடியாக முடிந்தது. ஐயர் வடகிழக்கு மூலையில் குழி தோண்டச் சொல்லி, பால் ஊற்றச் சொன்னார். கும்பிடும்போது எல்லாரையும் நல்லா வை என்றுதான் வேண்டிக்கொண்டேன். என்னையும் கொஞ்சம் கவனி என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று மார்க்கிங். கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் ஒவ்வொரு சுவரையும் தரையில் கோடாகப் போட்டார்கள். நாளைக் காலையில் ஜேசிபி வந்து அந்தக் கோட்டிலேயே வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டும். எந்தச் சுவராக இருந்தாலும் அடியில் கருங்கல் அஸ்திவாரம் வேண்டும், அதனால் கோடுதான் கணக்கு, பேப்பர் இல்லை என்று கொத்தனார் முத்துச்செல்வம் இரண்டு தடவை சொன்னார்.

வெட்டவெளியில் கோடு போட்டால் எந்த அறையும் கோழிக்கூடு மாதிரித்தான் தெரியும். சுவர் எழும்பினால் பெரிதாகிவிடும் என்று விஜயசங்கர் சத்தியம் செய்தார். அத்தை நம்பவில்லை. காரிலிருந்து பாய்களை எடுத்து வரச் சொல்லி, சீசன் ரூமுக்குள் வரிசையாக விரித்து, எல்லாரையும் படுத்துக் காட்டச் சொன்னார்.

படுத்தார்கள்! ஏட்டையா தன் அத்தானுக்குப் பதிலாகப் படுத்தார். சுகந்தி குறுக்கே கிடந்து இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்டினாள். கடையத்துச் சித்தப்பா கொஞ்சம் பருமன் என்பதால், இன்ஜினியரையும் கொத்தனாரையும் சேர்த்து அவருக்குப் பதிலாகப் படுக்க வைத்தார் அத்தை. குற்றாலம் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நானும் ஒரு பாயை எடுத்து ஓரத்தில் விரித்தேன்.

"நீ என்னத்துக்குட்டி படுக்கே? நீ அடுப்படியிலல்லா நிப்பே" என்றார் அத்தை.

அவர் குத்திப் பேசவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாயைச் சுருட்டினேன். அம்புட்டுப் பேரு படுக்க எடம் இருக்கு, எனக்கு ஒரு பாய் விரிக்க எடம் இல்லியா? இது என் சம்பளத்துலயுந்தான கட்டுத வீடு?

அதற்குள் சாரல் தூறியது. எல்லாரும் பாயைத் தலையில் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினார்கள். பொடிச் சாக்கை மூடி வைத்துவிட்டு வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன்.

மூடவில்லை. கயிற்றை எடுத்தேன். மூன்று, நான்கு, ஐந்து. பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிற செங்கோண முக்கோணம். அதை வைத்து மூலை பிடித்து, சீசன் ரூமின் மேற்குப் பக்கத்தைப் பத்தடிக்குத் தடுத்து ஒரு கோடு போட்டேன். கதவுக்கு இடைவெளி விட்டேன். உள்ளே போய், மலையைப் பார்த்து நின்றேன். நனைந்துகொண்டுதான் நின்றேன். அவர் ஹார்ன் அடித்தார்.

தூறல் எப்படியும் அழித்துவிடும் என்று நினைத்துத்தான் போட்டேன். அப்படித்தான் நினைத்தேனா?

ஆகஸ்ட் 25, திங்கள்

அழிக்கவில்லை. தூறல் வந்த வேகத்தில் நின்றுவிட்டதாம். நனைந்த பொடி தரையில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

காலையில் போய்க் காலால் தேய்த்துவிடலாம் என்றிருந்தேன். ஸ்பெஷல் கிளாஸ் என்று சீக்கிரமே இலஞ்சிக்கு, பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக மனைக்குப் போனால், என் கோடு இருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம்.

அவர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். விஜயசங்கர் ஊரில் இல்லை. கொத்தனாரிடம் விசாரணை நடந்தது. பிளானில் இல்லையே என்று அவரும் யோசித்தாராம். ஆனால் மூலை மட்டத்துக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் இன்ஜினியர் போட்ட கோடு என்றே நினைத்தாராம்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

"ஆனாலும் ஆச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுதான் தோண்டுனேன் சார்" என்றார் முத்துச்செல்வம்.

நாங்கள் இருவரும் அத்தையைப் பார்த்தோம். காலையிலும் இப்போதும் கொத்தனார்களுக்குக் காப்பி கொண்டுவந்தவர் அவர்தான். காலி தூக்குவாளியின் மூடியை நிதானமாக மாட்டினார்.

"கேட்டான். கோடு கெடக்குல்லா, தோண்டுன்னேன்."

"எம்மா, அது யாரு போட்ட கோடுன்னாவது தெரியுமா?"

"எவ போட்டான்னு தெரியாமயா? நேத்து இவ சேலைக் கரை பூரா சுண்ணாம்பு."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 26

பள்ளத்தை மூடிவிடலாம் என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பூஜை போட்ட மனையில் தோண்டினதை மூடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இனி இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

விஜயசங்கர் பத்தாவது பிளான் போட்டார். தரையைப் பார்த்துப் பேப்பரைத் திருத்துவது இதுதான் முதல் தடவை என்றார். சீசன் ரூம் பாதியாகிவிட்டது. மதினி போனில் அரை மணி நேரம் கத்தினார். அத்தை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கீரை ஆய்ந்தார். கடைசியில், இடம் பத்தாவிட்டால் மொட்டை மாடியில் ஷீட் போட்டுத் தருகிறோம் என்று முடித்துவிட்டார். என் அறைக்கு என்ன பெயர் எழுத என்று விஜயசங்கர் கேட்டார். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

ஏட்டையா இன்னும் முழுசாக என்னோடு பேசவில்லை. ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கருங்கல் கட்டு தரை மட்டத்துக்கு வந்துவிட்டது. நானும் அத்தையும் தண்ணீர் விடப் போயிருந்தோம். ஹோஸை என்னிடம் கொடுத்துவிட்டு அத்தை என் அறைக்குள் இறங்கி நின்றார். இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்து பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாப்பா உள்பக்கம் வைக்கச் சொல்லு" என்றார்.

சரி என்றேன்.

"சீசன்ல என் ரூமுலயும் நாலு பேரு வந்து படுத்துக்கிடுவாவ. மத்தியானம் ஒரு மணிநேரம் நான் இங்கன வந்து கண்ணசருவேன்."

அதானே பார்த்தேன், இதற்குள் ஒரு பங்கு வந்துவிட்டதே என்று நினைத்தேன். முகத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டி வந்தார். "தட்டிட்டுத்தாம்ட்டி வருவேன்" என்றார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் குடும்பத்தில் யாரும் எந்தக் கதவையும் தட்டி நான் பார்த்ததில்லை. தட்டினால் திறப்பதா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டும் அத்தை என்றேன். முதுகில் ஒன்று வைத்தார். பிறகு ஹோஸை வாங்கிக்கொண்டு, முதலில் என் அறைச் சுவருக்குத் தண்ணீர் விட்டார்.