சாயாத முளைப்பாரி

அச்சன்புதூர்

என் கோபக்காரிக்கு,

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நீ கோபித்துக்கொண்டு கிளம்பியபோது விட்டுப்போன பையில் ஒரு கவர் நெல் இருந்தது. விதைநெல்தானே என்று முளைப்பாரிச் சட்டியில் போட்டுவிட்டேன். கவரிலிருந்த இங்கிலீஷைத் திருவிழாவன்று காலையில்தான் பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரி வாசித்துச் சொன்னாள்: ஜீன் திருத்திய நெல், உங்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இருட்டறையில் மற்றவர்களுடைய பயிர் வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்தது. உன்னுடையது பாதி உயரம்தான், ஆனால் தண்டு தடிமன். உள்ளே எதை வெட்டினீர்கள்? வெட்டியது நெல்லுக்குத் தெரியுமா? இதன் விதையும் குட்டையாகத்தான் வளருமா?

"என்னட்டி, ஒஞ் சட்டியில மட்டும் வளரவே இல்ல? மகளுக்கு நல்லதில்லட்டி," என்றாள் வடிவு பெரியம்மா.

ஊர்வலத்தில் குற்றாலத்துச் சீசன் காற்று அடித்தது. எல்லார் தலையிலும் பயிர் சாய்ந்தது. என் தலையில் நின்றது.

"ஒம் மவள மாதிரியே வளைய மாட்டேங்கு," என்றாள் பெரியம்மா.

"ஆமா," என்றேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது வருத்தமில்லை.

குளத்தில் கரைக்கவில்லை. ஒரு நாற்றும் சிந்தாமல் உன் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். என்ன செய்யவென்று போனில் சொல்லாதே. வந்து சொல். மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டாமென்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா