நாலாவது ஸ்க்ரூ

அம்மா வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

"கெட்டுப்போச்சு, தொடாதே" என்று நான் அலமாரிமேல் வைத்த கேமராவைச் சரிசெய்ய இன்று பிரித்தேன். மூன்று ஸ்க்ரூ கறுப்பு. நாலாவது என் பழைய மூக்குக்கண்ணாடியிலிருந்து கழற்றிப் போட்டது. எனக்கு முன்பே யாரோ கைவைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி கிடக்கும் இடம் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

பட்டனை அழுத்தினால், சிக்கிக்கிடந்த லென்ஸ் சமர்த்தாக வெளியே வருகிறது!

அதில் ஆபீஸ் டூர் படங்கள் ஒன்பது இருந்தன. எல்லாம் குரூப் போட்டோதான்; மற்றவர்கள் தள்ளி நின்றதால் நாங்கள் ரெண்டு பேர்தான் படத்தில் விழுந்திருப்போம். இப்போது ஒன்றையும் காணோம். அழித்தாயா, எடுத்துப்போனாயா?

மிச்சம் ஒரே படம். வாசலில் உன் பெட்டி.

"ரெண்டே நாள்ல வந்துடறேங்க" என்று போனாய். மூன்று வாரமாகிறது. ரெண்டு நாளுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கணவன்