கயிறு இல்லாமல் போன வண்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து மாட்டுக் கொட்டாயில் அம்பாசிடர் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தேன். தூசி, கோழி எச்சம். பின் சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. இவர் இருந்தவரை, "அடுத்த வருசம் ரெடி பண்ணி ஓட்டிடலாம்" என்பார். போன ஐப்பசியில் போய்விட்டார். அடுத்த வருசம் வந்தாயிற்று.

ஓசூரிலிருந்து பையன் போன். "வித்துடும்மா. தகரம் ஒழுவுது. இந்த மழையிலயும் நனைஞ்சா இரும்புக் கடைக்குத்தான் போவும்." சரி என்றேன். எதுவும் தோன்றவில்லை. உப்புமா கிண்டினேன்.

பாப்பாரப்பட்டியில் வாங்க: புளி, விளக்குத் திரி, எலிப் பசை. (பசை வேண்டாம். வண்டியோடு எலியும் போகட்டும்.)

ஜூன் 5, வியாழன்

மஞ்சுநாத் என்று ஒருத்தர் வந்தார். பழைய கார் வாங்கிச் சரிசெய்பவர், பையன் அனுப்பியது. கன்னடம் கலந்த தமிழ். டார்ச்சோடு அடியில் புகுந்து, முதுகெல்லாம் சாணியோடு வெளியே வந்தார். "ப்ளோர் பூரா துருங்கம்மா. ஆனா இன்ஜின் சென்னாகிதெ. ஓட வெச்சிடலாம்." பேசி முடிந்தது. ஞாயிறு எடுத்துப்போகிறார்.

அதற்குள் அண்ணிக்குச் சேதி போய்விட்டது. இவருடைய அக்கா, அடுத்த தெரு. வந்து நின்றார்.

"தம்பி ஆசையா வெச்சிருந்ததுடி சாந்தா. உனக்கு மனசே இல்லியா? அவன எடுத்த அன்னிக்கும் நீ ஒரு சொட்டு அழுவுல."

உண்மைதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது உள்ளே. சாணி அள்ளப் போகும்போதெல்லாம் அந்த வண்டியைப் பார்க்க முடியவில்லை. அது போனால் சரியாகும். சரியாக வேண்டும்.

காபித்தூள் தீர்ந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். லாரி வந்தது. சந்துக்குள் நுழையாது, தார் ரோட்டிலேயே நின்றது. இழுக்கும் கம்பி கொட்டாய் வரை எட்டவில்லை. "ஒரு கயிறு குடுங்கம்மா, சேத்துக் கட்டிக்கறேன்" என்று மஞ்சுநாத் மாட்டுக் கயிற்றில் கை வைத்தார். அண்ணி பிடுங்கிக்கொண்டார்.

"மாட்ட வித்தாக்கூட கயிற குடுக்க மாட்டோம். கயிறு போனா வூட்டு லட்சுமியும் கூடவே போயிருவா."

"ஆயா, இது காருங்க."

"கொட்டாயில கட்டி வெச்சிருந்தது தான? மாடானா என்ன, காரானா என்ன."

அண்ணியிடம் யார் பேசி ஜெயிப்பது. தள்ளுவதென்று முடிவாயிற்று. மஞ்சுநாத், லாரி டிரைவர், பக்கத்து வூட்டு ஆட்கள் இருவர். போதவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணியும் வந்து கை வைத்தார். விற்கக் கூடாது என்றவர்.

ஸ்டீரிங் பிடிக்க ஆள் இல்லை. "ஏறிக்கங்கம்மா. நேரா பிடிச்சா போதும்."

கல்யாணமானதிலிருந்து பக்கத்து சீட்டுதான் எனக்கு. இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. சீட் இவர் உடம்புக்குப் பள்ளமாகியிருந்தது. அதற்குள் உட்கார்ந்தேன். ஸ்டீரிங்கில் இவர் கை வைக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து வழவழவென்று. அங்கேயே பிடித்தேன்.

வண்டி அசைந்தது. பின்னாலிருந்து அண்ணியின் மூச்சு கேட்டது. வேப்பமரம் தாண்டி, குழாயடி தாண்டி, தார் ரோடு.

"ஆய்த்தும்மா, இறங்குங்க."

கால் இறங்கவில்லை. கை விடவில்லை. மஞ்சுநாத் இன்னொரு தடவை சொன்னார். அண்ணி வந்து கதவைத் திறந்தார்.

"எறங்கு சாந்தா."

"இவர வுட்டுட்டு எப்படிங்க அண்ணி எறங்கறது" என்றேன். சத்தம் போட்டு, ரோட்டில் எல்லாரும் பார்க்க.

வண்டியை என்றுதான் சொல்ல வந்தேன்.