பட்டியலில் பதினோராவது ஆள்

செப்டம்பர் 14, திங்கள்

இன்று சுகாதார நிலையத்தில் வெள்ள ஒத்திகை. ஒத்திகை என்ன ஒத்திகை, மருந்தாளுநரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து நான்கு படம் எடுத்தோம். அவர் தொந்தி அதில் அடங்கவில்லை. சிரித்து மாளவில்லை எங்களுக்கு. பிறகு படிவம். வெள்ளம் வந்தால் முதலில் அழைத்துவர வேண்டியவர்கள் பதினோரு பேர். இன்சுலின் போடுகிறவர்கள், நிறைமாதக்காரிகள், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இருந்தால்தான் மூச்சு என்கிற ஒருவர். முகவரியும் போன் எண்ணும் நேரில் சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டிருந்தது. நான்கு வீட்டுக்குத்தான் போயிருந்தேன். பதினொன்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழுக்குத்தான்.

செப்டம்பர் 30, புதன்

மழை. மகளுக்குச் சளி. பாக்கி ஏழு வீட்டை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 19, திங்கள்

காலை பத்து மணிக்கு ஏரிக்கரை உடைந்தது. மின்சாரம் உடனே போய்விட்டது. பதினொரு மணிக்குள் தண்ணீர் எங்கள் வாசற்படியில். தடுப்பூசிப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினோம். டாக்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, என்னைவிடச் சின்னவர். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் நின்றார். படகுக்காரர் பட்டியலோடு கிளம்பினார். பத்துப் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். பதினோராவது ஆள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அந்த ஆக்சிஜன் மெஷின்காரர். அவர் எண் உபயோகத்தில் இல்லை. வீடு பூட்டியிருப்பதாகப் படகுக்காரர் திரும்பிவந்து சொன்னார். மகன் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன்? அவருக்கு மகன் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது.

அக்டோபர் 20, செவ்வாய்

மாடியில் அறுபது பேர். ஒரு பிரசவம், பெண் குழந்தை. உட்கார நேரமில்லை.

அக்டோபர் 22, வியாழன்

தண்ணீர் வடிந்தது. டிரைவர் செத்துப்போய்விட்டார்.

மகன் வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே மூன்று தெரு தள்ளிக் குடிபோயிருக்கிறார்கள். அவர் மனைவி தையல் வேலை செய்கிறவர். தன் முதுகில் சுமந்து அவரை மொட்டைமாடிக்கு ஏற்றியிருக்கிறார். மெஷின் நின்றதிலிருந்து மறுநாள் மதியம்வரை டிரைவர் தாக்குப்பிடித்திருக்கிறார் — இருபத்தாறு மணி நேரம். எங்கள் மாடியில் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடந்தது. மூணே தெரு. படகுல பத்து நிமிஷம். ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்திருந்தா… நான் என்ன பண்ணிட்டேன்.

அக்டோபர் 27, செவ்வாய்

மேலிடத்து அறிக்கை வந்தது. பட்டியலில் இருந்தவர்கள் அனைவரும் தொடர்புகொள்ளப்பட்டனராம். வெள்ளத்தால் உயிரிழப்பு இல்லையாம். டிரைவர் நாள்பட்ட நுரையீரல் நோயில் போனதாகக் கணக்கு. எங்களுக்குப் பாராட்டு வேறு.

டாக்டரிடம் டிக் போட்ட கதையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "எழுதிக் குடுத்தா உங்க தலையிலதான் விடியும், சிஸ்டர். நானும்தான் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன், என்னையும் விடமாட்டாங்க" என்றார். பிறகு, "ஆனா எழுதாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், உன்னை எங்காவது தூக்கிப் போட்டால் என்ன செய்வது என்று வீட்டில் இவர் கேட்கிறார். கேட்பது நியாயம்தான்.

நவம்பர் 2, திங்கள்

டிரைவரின் மனைவியைப் பார்க்கப் போனேன். தையல் மெஷினைக் கழற்றிப் போட்டுச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணியைக் கீழே வைக்கவில்லை.

"லிஸ்ட்ல நம்ம பேரு இருக்கு, படகு வந்துரும்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார். பிறகு, "எழுதிக் குடுங்க. அவரு வியாதியில போகல."

திட்டியிருந்தால் தேவலை. வாசல்வரை வரவில்லை.

நவம்பர் 3, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 18, வெள்ளி

விசாரணை முடிந்தது. அறிக்கையைத் திருத்தினார்கள்: உயிரிழப்பு ஒன்று. டாக்டருக்குக் கண்டனக் கடிதம். எனக்கு மாற்றல், இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம். வாரக் கடைசியில்தான் இனி வீடு. இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத கணவர் இன்று என் பெட்டியை அவரே அடுக்கினார். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 13, புதன்

இது மலையடிவாரம். இங்கே பயம் மண்சரிவு. பட்டியலில் பத்தொன்பது பேர், எல்லாருக்கும் அழகாக டிக். மூன்றாவது நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இருவர் இறந்து ஒரு வருஷமாகிறது.

பதினான்காவது வீட்டில் பக்கவாதத்தில் படுத்த மனிதர். உதவிக்கு ஆள் உண்டு என்று போட்டிருக்கிறது. ஆள் என்பது ஒல்லியான ஒரு தங்கை. அவசரமென்றால் அண்ணனை எப்படி வெளியே கொண்டுவருவாய் என்று கேட்டேன். அதை யாரும் கேட்டதில்லையாம். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். கட்டிலைவிட்டு அரை அடிகூட நகரவில்லை. அவர் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேர் வேண்டும்" என்று எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.