மடியில் இருந்த மீட்டர்

நேற்று நம் மகன் தன் புதுக் காரில் என்னைத் திருவள்ளூருக்குக் கூட்டிப்போனான். முன்னால் இருந்த திரையில் ஏதேதோ எண்கள். ஒன்றைத் தொட்டுக்காட்டி, "எஞ்சினுக்குள்ள போற காத்தோட சூடும்மா இது. நாம பாக்கவே வேணாம், வண்டியே பாத்துக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பார்க்கத்தானே ஒரு காலத்தில் என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தீர்கள்!

எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் நின்ற நம் பழைய டாக்சிதான் நமக்குச் சோறு போட்டது. அதில் போய், காயலான் கடையில் கிடைத்த ஒரு டர்போவை மாட்டினீர்களே, உங்களை என்னவென்று சொல்ல! அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், வண்டி பறக்கும் என்றீர்கள். பறந்தது உண்மைதான். ஆனால் அமுக்கிய காற்று கொதிக்கும், அந்தச் சூடு மீறினால் பிஸ்டன் ஓட்டையாகும் என்பதையும் நீங்களேதான் சொன்னீர்கள்.

அதற்காகப் பழைய பாய்லர் மீட்டர் ஒன்று வந்தது. வட்ட முகம், வால் மாதிரி நீண்ட செம்புக் குழாய். வாலின் நுனியை முதலில் டர்போவுக்கு முன்னால், காற்று நுழையும் வாயிலேயே செருகிவிட்டீர்கள். முள் அசையவே இல்லை. "பாத்தியா, ஜில்லுனு கீது" என்று ஒரு வாரம் பெருமைப்பட்டோம். எஞ்சின் என்னவோ தடதடவென்று தட்டிக்கொண்டே இருந்தது. நாம் அளந்தது கும்மிடிப்பூண்டி வெயிலை! பிறகு டர்போவைத் தாண்டி மாற்றிச் செருகியதும்தான் முள் எழுந்து ஓடியது. மீட்டரை மாட்ட முன்பக்கம் இடமில்லாததால் என் மடிக்கு வந்தது. எந்த இடம் தாண்டக்கூடாதோ அங்கே என் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டீர்கள்.

சோழவரத்தில், பழைய விமானத் தளத்தில் உங்கள் அண்ணன் வண்டியோடு போட்டிக்கு ஓட்டிப் பார்த்த மத்தியானம் நினைவிருக்கிறதா? "பொம்பளைய ஏத்திக்கினு இன்னாடா ரேசு? எறக்கி உடு" என்றார் அவர்.

"அவ எறங்கினா எனக்கு மீட்டரு யாரு படிக்கிறது?" என்றீர்கள்.

பாதித் தூரத்தில் நாம்தான் முன்னால். உங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து முள் கோட்டைத் தாண்டியது. எஞ்சின் போனால் மறுநாள் அடுப்பு எரியாது. சொன்னால் நீங்கள் தோற்பீர்கள். பிறந்த வீட்டில் என் பேச்சுக்கு யாரும் காது கொடுத்ததில்லை. ஓட்டத்தின் நடுவில் நீங்கள் மட்டும் கொடுப்பீர்களா?

"தாண்டிடிச்சி, காலை எடுங்க!" என்று கத்தினேன்.

மீட்டரை எட்டிப் பார்க்கவில்லை நீங்கள். காலை எடுத்துவிட்டீர்கள்.

அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப்போனார். இறங்கியதும், "பொண்டாட்டி பேச்ச கேட்டுக்கினு தோத்துட்டான்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"ஆமா, கேட்டேன். இப்ப இன்னாங்கற?" என்றீர்கள்.

மறுநாள் காலை வண்டி வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போனது. அன்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து நீங்கள் காலை எடுக்காமல் இருந்திருந்தால் எஞ்சின் போயிருக்குமா, இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்குமா, எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத நாட்கள் வருகின்றன. வரட்டும். ஜெயிக்க இருந்த ஒரு மனுஷன் என் ஒரு வார்த்தைக்குத் தோற்றுக்கொடுத்திருக்கிறார், எனக்கு அது போதும்.