பீச் ஜாமுக்கு ஒரு நற்சான்று

1878 மார்ச் 4, சின்சினாட்டி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: என் கைக்குட்டைக்குள் வெங்காயம் இருக்கிறது. நாலு வருஷமாக இருக்கிறது. (வேறு வேறு வெங்காயம்தான்.) அடிமையாக இருந்த காலத்தைப் பற்றி நான் எழுதிய சுயசரிதையில் பதினெட்டாம் பக்கம்தான் உயிர்நாடி. ஏழு வயதில் எஜமானியின் பீச் ஜாமைத் திருடித் தின்று, கம்பத்தில் கட்டப்பட்டு, அவள் கையால் சாட்டையடி வாங்கிய பக்கம். கூட்டங்களில் அதை வாசிக்கும்போது கண்ணீர் வர வேண்டும். முதல் வருஷம் தானாக வந்தது. நூறு தடவை வாசித்தபின் எங்கே வரும்?

நேற்று வெங்காயத்தை மறந்துவிட்டேன். கல் மாதிரி நின்றேன். முன்வரிசைச் சீமாட்டி ஒருத்தி, "பாவம், அழுது அழுது கண்ணீரே வத்திப்போச்சு" என்று எனக்கும் சேர்த்து அழுதாள். வழக்கத்தைவிட அதிகமாகப் புத்தகம் விற்றது.

டெல்ஃபியிடம் சொன்னேன். மனைவி என்றால் ஆறுதல் சொல்ல வேண்டாமா? "இனிமே வெங்காயத்தை எங்கிட்ட குடுங்க, சூப்புக்காவது ஆகும்" என்றாள்.

மார்ச் 9

கென்டக்கியிலிருந்து கடிதம். மிஸ் லவீனியா! என் பழைய எஜமானி! எழுபத்தைந்தைத் தாண்டியும் சாகவில்லை. என் புத்தகத்தைப் படித்துவிட்டாளாம். எழுந்து நின்றபடியே படித்தேன். எதற்கு? சட்டப்படி நான் இப்போது யாருடைய சொத்தும் இல்லை. காலுக்கு அது இன்னும் தெரியவில்லை.

சாட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவை விற்றதைப் பற்றி இல்லை. நான் தப்பி ஓடியபோது நாய்களை ஏவியதைப் பற்றி இல்லை. மூன்று தாளும் பத்தொன்பதாம் பக்கத்தின் ஒரே வரியைப் பற்றி: "அத்தனை அடிக்கும் அந்த ஜாம் தகுதியானதல்ல, ஈகூட உட்காராத புளிப்பு." கூட்டத்தார் சிரிக்கட்டும் என்று எழுதிய வரி. அதற்குப் பிறகு மாதாகோயில் விற்பனையில் அவள் பாட்டிலை யாரும் சீந்துவதில்லையாம். அந்த வீட்டில் சமையல் முழுக்க எங்களவர்கள் கை. ஜாம் ஒன்றுதான் அவள் கை.

கடைசி வரி: "உன் அக்காள் கெசையாவை வாங்கிய மனிதரின் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. நேரில் வந்து பேசு."

மார்ச் 10

கெசையா.

மார்ச் 11

நேற்று அதற்கு மேல் பேனா நகரவில்லை. விற்றபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஏழு முடிந்து எட்டு. விடுதலை வந்ததிலிருந்து பதின்மூன்று வருஷமாக எங்கள் சபைப் பத்திரிகையில் தேடி விளம்பரம் கொடுக்கிறேன். மூன்று கெசையாக்கள் கிடைத்தார்கள். ஒருத்தி வெகு நல்லவள். இன்னமும் கிறிஸ்துமஸுக்குக் கையுறை பின்னி அனுப்புகிறாள். என் அக்காள் இல்லை.

மார்ச் 16

உயரத் தொப்பி, தங்கச் சங்கிலிக் கடிகாரம் (ஓடாது) சகிதம் ஆற்றைக் கடந்து கென்டக்கி போனேன். முன்வாசல் கதவைத்தான் தட்ட வேண்டும் என்று படகு முழுக்க ஒத்திகை. கால்கள் தாமாகக் கொல்லைப்புறம் போய் நின்றன.

"உள்ள வாடா ரான்சம். தொப்பி எதுக்கு, மழையா பெய்யுது?"

"சௌக்கியமா இருக்கீங்களா அம்மா?"

"எங்க சௌக்கியம்? ஊரே சிரிக்குது. ஏண்டா, தின்னக் குடுத்து வளர்த்தேனே, இப்படி எழுத மனசு எப்படிடா வந்துது?"

"நீங்க அடிச்சதையும் எழுதியிருக்கேனே அம்மா."

"அதை விடு, அது எல்லா வீட்லயும் நடந்ததுதான். புளிப்புன்னு எழுதினியே!" கண்ணில் நிஜக் கண்ணீர். வெங்காயமே இல்லாமல்.

மேஜையில் ஒரு பாட்டில், ஒரு கரண்டி; சாட்சிக்குப் பாதிரியார். வாயில் வைத்தேன். ருசியா? நாக்கு மரத்துப்போயிருந்தது. முதுகு மட்டும் சுருங்கியது.

"அம்மா, அந்தக் கடிதம்..."

"முதல்ல எழுதிக் குடு."

என் புத்தகத்தின் முகப்பில் இரண்டு வெள்ளைக்காரக் கனவான்களின் நற்சான்று உண்டு: இந்தக் கறுப்பர் யோக்கியர், சொல்வதை நம்பலாம் என்று. இருவரும் கென்டக்கியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அது இல்லாமல் எங்களவர் கதையை யார் அச்சடிப்பார்? அதே நடையில் எழுதினேன்:

"இந்த ஜாமை நான் சிறு பிராயம் முதல் அறிவேன். இது யோக்கியமானது, இனிப்பானது, எவர் உதவியுமின்றி மிஸ் லவீனியாவாலேயே ஆக்கப்பட்டது. புளிப்பு என்று நான் எழுதியது பொய்."

பாதிரியார் இரண்டு முறை படித்தார். "இது இவனே எழுதினதுதானா?" என்று அவளைக் கேட்டார். அவர் எதிரே உட்கார்ந்துதான் எழுதினேன்.

கடிதம் கையில். வாங்கியவர் பெயர் பிரூயிட். ஊர், ஆர்கன்சாவில் ஹெலினா.

மார்ச் 17

டெல்ஃபி தட்டை வைத்த வைப்பில் மேஜை அதிர்ந்தது. "அடிச்சவளுக்கு நற்சான்றா? நாளைக்கு அந்தச் சாட்டைக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு வாங்க!"

"கெசையாவுக்காகத்தாண்டி."

தட்டை ஓரமாக நகர்த்தினாள். பிறகு காகிதமும் மையும் கொண்டுவந்து வைத்தாள். "ஹெலினா சபைக்கு எழுதுங்க. உங்க புத்தகத்தையும் கட்டி அனுப்புங்க. நீங்கதான்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஏப்ரல் 6

கிழவி என் நற்சான்றை அச்சடித்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டிவிட்டாள். ஆற்றின் இந்தக் கரையிலும் விற்கிறது. நேற்றுக் கூட்டத்தில் பதினெட்டாம் பக்கத்தைத் திறக்கிறேன், ஒருவன் பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறான்: "ஐயா, ஜாம் பொய்னா சாட்டை மட்டும் நிஜமா?" தண்ணீர் குடித்தேன். அடுத்த மாதத்துக் கூட்டங்கள் இரண்டை ரத்து செய்துவிட்டார்கள். வெளியே வந்தால், ஒருத்தி பாட்டிலில் கையெழுத்துக் கேட்கிறாள்.

போட்டேன்.

நான் பொய் என்று தெரிந்தே எழுதியது அந்த நற்சான்று ஒன்றுதான். மற்றதெல்லாம் சத்தியம் — இதை யாரிடம் போய்ச் சொல்ல? பாட்டிலிடமா?

ஏப்ரல் 13

ஹெலினாவிலிருந்து ஒன்றுமில்லை.

மே 2

இருக்கிறாள். கெசையா இருக்கிறாள். ஆறு பிள்ளைகள், சொந்தமாக ஒரு கோவேறு கழுதை. ஒரு காது கேட்காது. அவள் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதியிருக்கிறாள். அம்மாவின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டாள். என் இடது காலில் ஆறு விரல் என்பதையும். அதை வெட்கப்பட்டு நான் புத்தகத்தில் எழுதவே இல்லை. டெல்ஃபி கரண்டியோடு ஓடிவந்து, நின்று, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜூனில் போகிறோம். தொப்பி வேண்டாம்.

டீச்சர் என் புத்தகத்தை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்டினாளாம். கடிதத்தின் கடைசியை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. கேட்டு அழுதேன். ஒரு சின்ன விஷயம் மட்டும். அன்னிக்குத் திருடினது நான், கம்பத்துல கட்டினதும் என்னைத்தான். நீ கோழிக்கூண்டுக்குப் பின்னால உக்காந்து தின்னுட்டிருந்தே. விரலெல்லாம் நக்கிட்டு, ரொம்ப இனிக்குது, இன்னும் கொண்டா அக்கான்னே."