அத்தை மூச்சைப் பிடித்த நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க என்பாய், அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் இன்னும் நம் வாசலை மறித்துத்தான் காரை நிறுத்துகிறார், நானும் இன்னும் அவரோடு பேசுவதில்லை. என்னிடம் வேலை கற்றவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு இப்போது என் லீவு விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை பார்க்கிறான். இதெல்லாம் பழைய செய்தி. புதிய செய்தி உனக்குப் புதிது இல்லை. உன் அத்தைக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா, கதிர்வீச்சுக்குத் திட்டம் போட என் மேசைக்கு வந்த ஃபைலில் என் கூடப் பிறந்தவளின் பெயரைப் பார்த்து. யாருக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று கணக்குப் போடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்குச் சொந்தத் தங்கை விஷயம் ஃபைல் வழியாக வருகிறது. அம்மாவிடம் கேட்டால், சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா, நீங்க மட்டும் என்ன பேசுற நிலைமையிலயா இருந்தீங்க என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

தாத்தாவைக் கடைசி நாட்களில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொண்டு, எங்க அண்ணனுக்கு மெஷின்தான் சொந்தம், மனுஷங்க எல்லாம் அப்புறம்தான் என்று சொந்தக்காரர்கள் நடுவில் உன் அத்தை சொன்னாள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவள் சொன்னது சரி என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆபரேஷன் காயம் ஆறி, மருந்தும் ஏற்றி முடித்து, கதிர்வீச்சுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியவள் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள். இடது பக்கம் என்றால் கதிர் போகிற வழியில் இதயம் இருக்கிறது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் நெஞ்சு உயர்ந்து இதயம் சற்று விலகும், அந்த நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்தலாம். அதற்கான கருவி இந்த ஊரில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அங்க போனா அண்ணன் மூஞ்சியைப் பார்க்கணுமே என்று டாக்டரிடமே சொன்னாளாம். இவ்வளவு தாமதிக்கலாமா என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். அவர் கடிந்துகொள்ள வேண்டிய ஆளான நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன்.

சொந்தத் தங்கச்சிக்கு நீங்களே திட்டம் போட வேண்டாமே, வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமா என்று டாக்டர் கேட்டார். தாராளமா என்று சொல்லி, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ஃபைலைத் தள்ளிவிட்டேன். ஆனாலும் ஸ்கேன் எடுத்த அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வேறு ஏதோ வேலை இருப்பதுபோல வந்து நின்றேன். சாய்பலகையில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் படுத்திருந்தாள். முடி இப்போதுதான் குச்சி குச்சியாக முளைக்கிறது. தழும்பு ஸ்கேன் படத்தில் தெரிவதற்காக மெல்லிய கம்பி ஒட்டினார்கள், நான் திரையை மட்டும் பார்த்தேன். டெக்னீஷியன் பெண் மைக்கில் மூச்சை இழுங்கம்மா, பிடிங்கம்மா என்று கெஞ்சுகிறாள், திரையில் மூச்சின் கோடு ஏறும், நடுங்கும், விழுந்துவிடும். எத்தனை தடவை பார்த்தும் அதே கதை. முடியவில்லை என்றால் சாதாரண மூச்சிலேயே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்படி எடுத்தால் அவள் இதயத்தின் ஓரமும் சேர்ந்து கதிரை வாங்கும். மைக்கை நான் வாங்கினேன். சின்ன வயதில் கேட்டதை வாங்கித் தராவிட்டால் முகம் சிவக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டையே மிரட்டுவாள், அதுதான் ஞாபகம் வந்தது. சிவப்பு சைக்கிளுக்கு அடம்பிடிச்சியே, அந்த மாதிரி இழுத்துப் பிடி, வாங்கித் தரேன்னு அப்பா சொல்றவரைக்கும் விடாதே என்றேன். பிறகு கோடு மெதுவாக ஏறி, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நின்றது. ஸ்கேன் முடிந்ததும், வாங்கித் தரேன், விடு என்றேன். அவள் கூரையைப் பார்த்தபடியே, அந்த சைக்கிளைப் பூரா ஓட்டினது நீதானே என்றாள். டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அத்தை உடை மாற்றிக்கொண்டு கிளம்பும்வரை உள்ளேயே நின்று, சரியாக இருந்த வயர்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்புறம் படங்களைத் திறந்து பார்த்தேன். இதயத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நுரையீரல் கருப்பாக விரிந்து இடம் விட்டிருந்தது. அந்தப் புதிய பெண் போட்ட திட்டத்தில் குறை கண்டுபிடிக்க வெகுநேரம் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பம். இனி வருகிற நாளெல்லாம் அவள் அப்படியே மூச்சைப் பிடித்தாக வேண்டும். மைக்கில் நான் இருக்கட்டுமா, வேண்டாமா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் தூது போனவள் நீதானே, எனக்காக இந்த ஒரு தூது போய் வா. நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாதே. வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையோடு சண்டை வந்தால் அன்றைக்கே கத்தித் தீர்த்துவிடு, என்னைப்போல் ஊறப்போடாதே. இரண்டு பேரும் குறைவில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசிவிடு. வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எனக்குச் சொல். எப்படியும் திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமே போய்விடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா